மேலக்கோயிலுக்குப் போகாத நோட்டு

அண்ணாச்சிக்கு,

இன்னைக்கு டிசம்பர் 17. வெள்ளம் வந்து ரெண்டு வருஷம். 2023-ல அன்னைக்கு ராத்திரி திருநெல்வேலி சிந்துபூந்துறை ரூமுக்குள்ள தண்ணி ஏறினப்போ நான் எதை மாடிக்குத் தூக்கிட்டு ஓடினேன், எதை விட்டேன்னு உங்களுக்குத் தெரியும். லேப்டாப், சார்ஜர், புதுச் செருப்பு. செருப்பைக்கூட எடுத்திருக்கேன் பாருங்க. உங்க கோடு போட்ட நோட்டு மேசை டிராயர்லயே கிடந்துச்சு.

நம்ம புரோகிராமிங் மொழிக்கு எழுதின டிபக்கர், அதாவது புரோகிராமை நடுவுல நிறுத்தித் தப்பைத் தேடுற கருவி, அதோட மேனுவல் நேத்து முடிஞ்சிட்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனா தாமிரபரணி ஆத்தோரக் குறுக்குத்துறைப் படிக்கட்டுதான் வந்து நிக்குது.

அப்போ, புரோகிராமை ஒரு வரியில நிறுத்துற பிரேக்பாயிண்ட் வசதியை எழுதி ஒரு வாரம் ஆகியிருந்துச்சு. பத்துத் தடவை சுத்துற லூப்ல முதல் சுத்துல மட்டும் நிக்கும்; மிச்ச ஒன்பதும் கடகடன்னு ஓடிரும். லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு, உங்க டிசைனே சரியில்லைன்னு நான் பேசிக்கிட்டே இருக்கேன். நீங்க ஆத்துக்குள்ள இருக்க முருகன் கோயிலைப் பார்த்துக்கிட்டு, சம்பந்தமே இல்லாமக் கேட்டீங்க:

"ஏல, வெள்ளம் வந்தா உற்சவரை எங்க கொண்டு போவாவ?"

"மேலக்கோயிலுக்கு."

"வடிஞ்ச பொறவு?"

"திருப்பிக் கொண்டாந்து வைப்பாவ."

"அதோட சரியா? அடுத்த வெள்ளம் வராதோ?"

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆச்சு. (படிக்கிற மத்தவங்களுக்கு ரெண்டு வரி: பிரேக்பாயிண்ட் வைக்கிறதுன்னா, அந்த இடத்துல இருக்க கட்டளையை எடுத்து வேற இடத்துல பத்திரமா வச்சிட்டு, அங்க 'நில்லு'ன்னு ஒண்ணை உட்கார வைக்கிறது. எக்ஸ்86 சிப்புல இதுக்குன்னே ஒரே ஒரு பைட்ல கட்டளை உண்டு. பதினாறடிமானத்துல எழுதினா சிசி. அதைவிட நீளமா இருந்தா பக்கத்துக் கட்டளையையும் மிதிச்சிரும். நின்ன பிறகு பழசைத் திருப்பி வச்சு, ஒரே ஒரு அடி ஓடவிட்டு, 'நில்லு'வை மறுபடி வைக்கணும். எங்க மொழி உள்ளுக்குள்ள மாத்தி ஓட்டுற கட்டளைகள், அதான் பைட்கோட், அதுலயும் இதே வித்தைதான்.) நான் அந்தக் கடைசி வேலையை எழுதவே இல்லை. சாமியைக் கொண்டாந்து வச்சதோட கடையைச் சாத்திட்டேன். நீங்க நோட்டை விரிச்சு, பேனா மூடியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, மூணு கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தீங்க. ஈரக்கையால தொட்டதுல மை கொஞ்சம் இழுவிட்டு.

அந்த உற்சவர் உதாரணம் மேனுவலோட பழைய வரைவுலயே இருக்கு. படிச்சவங்க எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டுதாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே வாங்கி வச்சுக்கிட்டேன். ரெண்டு வருஷமா முகப்புல என் பேர் மட்டும்தான். "என் பேரை எங்கயும் போட்டுராத"ன்னு நீங்கதானே சொன்னீங்க? கோவத்துல சொன்னதுன்னு தெரியும். தெரிஞ்சும் உத்தரவு மாதிரி எடுத்துக்கிட்டேன். வசதியா இருந்துச்சு, அண்ணாச்சி. அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு. அந்த நோட்டைப் போட்டோ எடுத்து வைங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? "கோட் இருக்குல்லா, படிச்சுக்கிட வேண்டியதான?" படிச்சேன். அடுத்த வரிக்குத் தாண்டுற கட்டளையில, ஸ்டாக் ஆழம், அதாவது ஒண்ணுக்குள்ள ஒண்ணா எத்தனை ஃபங்ஷன் ஓடிக்கிட்டிருக்குங்கிற கணக்கு, கிளம்பின இடத்தைவிடக் 'குறைவு அல்லது சமம்'னா நில்லுன்னு போட்டிருந்தீங்க. பக்கத்துல ஒரு குறிப்புகூட இல்லை. 'சமம்' மட்டும் போதுமேன்னு நான் சுத்தம் பண்ணிட்டேன். ஃபங்ஷனோட கடைசி வரியில நின்னு, அடுத்த வரிக்குத் தாண்ட 'n' அடிச்சா, கூப்பிட்ட இடத்துக்கு வந்து நிக்காம புரோகிராம் முடியிற வரை ஓடிட்டு. ஃபங்ஷன் முடிஞ்சா ஆழம் ஒண்ணு குறையும், அப்புறம் 'சமம்' எங்க வரும்? எட்டு நாள் அண்ணாச்சி. நீங்க அரை வரி எழுதியிருந்தா மிச்சமாயிருக்கும். 1986-ல ஜிடிபி டிபக்கரை எழுதின ரிச்சர்ட் ஸ்டால்மன் பேர் அதோட மேனுவல்லயும் இருக்கு. அவருக்குக் குறைஞ்சு போகாதது உங்களுக்கு மட்டும் குறைஞ்சிருமாக்கும்.

நோட்டு போனதுக்கு நான் இன்னும் ஒழுங்கா மன்னிப்பே கேக்கலை. கேக்க வந்துதான் இவ்வளவு திட்டிக்கிட்டிருக்கேன். தண்ணி வடிஞ்சதும் டிராயரை உடைச்சுத்தான் திறந்தேன். அட்டை மட்டும் அட்டையா இருந்துச்சு, உள்ள ஒரே களிமண் கட்டி. வெயில்ல வச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு தாளா உரிச்சும் பார்த்தேன். அதை உங்ககிட்ட சொல்லலை.

சென்னை விஷயத்தையும் பணத்தையும் இங்க எழுதலை. நாலு பேர் படிக்கிற இடம். யார் பக்கம் நியாயம்னு அவங்க தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

நேத்து ராத்திரி அந்த மூணு கட்டத்தையும் ஞாபகத்துல இருந்து வரைஞ்சு நாலாவது அத்தியாயத்துல சேர்த்திருக்கேன். அம்புக்குறி எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துச்சுன்னு சரியா நினைவில்லை, குத்துமதிப்பாப் போட்டேன். முகப்புல உங்க பேரை மேல போட்டு, என் பேரைக் கீழ இறக்கிட்டேன். வேண்டாம்னா ஒரு போன் போடுங்க, எடுத்துருதேன். வேற ஆள்கிட்ட சொல்லிவிட்டா எடுக்க மாட்டேன். நீங்களேதான் போடணும்.