"வேண்டாம்" என்று சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

காரைக்குடி

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் அறிவியல் புனைகதைக் குறும்படத்தின் படப்பிடிப்பு கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் நான்கு இரவுகளில் நல்லபடியாக முடிந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பணம் கொடுத்தவர்கள், பொருள் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் படத்தின் கடைசியில் ஓடிவிடும். "அதச் செய்யாதீங்க தம்பி" என்று தடுத்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. ஆகவே இந்த மடல். அடுத்து கேமராவைத் தூக்கப்போகிற மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று அளவுகளோடு எழுதுகிறோம்.

முதல் நன்றி எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. பெரிய வீடுகளில் பழைய வயரிங் இன்னும் மரப்பட்டிக்குள்தான் ஓடுகிறது. பல இடங்களில் எர்த் கிடையாது. ஃபியூஸ் போனால் கைக்குக் கிடைத்த தடிக் கம்பியைக் கட்டிவைத்திருப்பார்கள். அப்புறம் ஃபியூஸ் உருகாது, சுவருக்குள் இருக்கும் வயர்தான் உருகும். எங்கள் கணக்கு இது: 100 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, 900 வாட் புகை மெஷின் ஒன்று, ஆக 1,300 வாட். 230 வோல்ட்டில் அது ஐந்தரை ஆம்பியருக்கு மேல். "பட்டாலை பிளக்குல ஒண்ணையும் சொருகாதீங்க" என்று வீட்டுக் கூடத்துப் பழைய பிளக்கைக் காட்டிச் சொல்லிவிட்டு, மீட்டர் பலகையிலிருந்தே 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் தனி லைன் இழுத்தார். அதில் 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே விழுந்து லைனை அணைக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றையும் வைத்தார். எக்ஸ்டென்ஷன் சுருளை முழுக்கப் பிரித்துப் போட வைத்ததும் அவர்தான். சுருட்டியபடியே லோடு கொடுத்தால் உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கொள்ளும்.

வேதியியல் ஆசிரியருக்கு அடுத்த நன்றி. விண்கலத் தரையில் புகை தவழ வேண்டும் என்று உலர் பனிக்கு, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடுக்கு, சொல்லிவைத்திருந்தோம். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "நடிக்கிற பிள்ளை எங்க படுத்திருக்கும்?" தரையில். உலர் பனி மைனஸ் 78.5 டிகிரி, ஒரு கிலோ ஆவியானால் 500 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். காற்றோட்டம் இல்லாத அறையில் தரையோடு தேங்கும், படுத்திருப்பவர் மூக்கு இருக்கும் உயரத்திலேயே. நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடி ஏற்றிய ஏ.சி. காரில் கொண்டுவந்தாலும், மூடி இறுக்கிய டப்பாவில் வைத்தாலும் ஆபத்துதான். கடைசியில் தண்ணீர் கலந்த திரவத்தில் ஓடும் புகை மெஷினுக்கு மாறினோம். அதிலும் ஒரு வம்பு உண்டு. அந்தத் திரவம் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் படிந்தால் தரை வழுக்கும், அதுவும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த தரை என்றால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் உலர்ந்த துணியால் துடைத்தே ஆக வேண்டும்.

விண்வெளி வீரர் வேடத்துக்கான தலைக்கவசத்தைச் சரிசெய்து கொடுத்த பெயர்ப்பலகைக் கடை அண்ணனுக்கும், அதைப் பார்த்ததும் முகம் சுளித்த அரசு மருத்துவமனைச் செவிலியர் அக்காவுக்கும் சேர்த்தே நன்றி. 30 செ.மீ. அக்ரிலிக் உருண்டைக்குள் தலை போக மிஞ்சுவது சுமார் பத்து லிட்டர் காற்று. சும்மா நிற்கும் ஆளே நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் மூச்சு விடுகிறார். அடைத்து வைத்தால் இரண்டு நிமிடத்தில் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியதுதான். தலைவலி, மயக்கம், குழப்பம் எல்லாம் வரும். குழம்பிய ஆளுக்கு உதவி கேட்கத் தோன்றாது. அதனால் பிடரிப் பக்கம் ஒரு கை அகலத்துக்குத் திறப்பு. காற்றைத் தள்ள ஒன்றும் வெளியே இழுக்க ஒன்றுமாக இரண்டு 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன். அக்ரிலிக்கில் துளை போடும்போது டிரில்லை வேகமாக விட்டால் விரிசல் ஓடிவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீர் சொட்டவிட்டு, மெதுவாகத் துளைத்தார். நான்கு நிமிடத்துக்கு மேல் ஒரு டேக் கிடையாது என்பதும், கவசம் போட்டவர் இடது கையைத் தூக்கினால் யாரும் எதுவும் கேட்காமல் கழற்ற வேண்டும் என்பதும் அக்கா போட்ட சட்டம். அபாய விளக்கு நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மினுக்கக் கூடாது, யாருக்காவது வலிப்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார்.

டி.வி. மெக்கானிக் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்காகப் பழைய இரும்புக் கடையில் மூன்று டப்பா டி.வி. வாங்கினோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் கரண்ட் இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கலர் டி.வி.யின் பிக்சர் டியூப் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வாங்குகிற கண்ணாடி. அணைத்த பிறகும் அந்த மின்னூட்டம் நாள்கணக்கில் உள்ளே தங்கலாம். ஐயா இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார், இரண்டு கையும் உள்ளே போகக் கூடாது என்பதற்காக. மெல்லிய ஸ்க்ரூடிரைவரின் கம்பியில் ஒரு வயரைக் கிளிப் போட்டு, மறுமுனையை டியூப்பின் முதுகில் ஓடும் பின்னல் கம்பியில் மாட்டினார். ரப்பர் தொப்பிக்கு அடியில் நுனியை நுழைத்ததும் "டிக்" என்று ஒரு சத்தம். சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதையே செய்தார். ஒருமுறை இறக்கினாலும் மிச்சம் மீண்டும் ஊறி வருமாம். டியூப்பின் கழுத்தைத் தட்டிவிட்டால் உள்ளிருக்கும் வெற்றிடம் கண்ணாடியைச் சிதறடிக்கும் என்று சொல்லி, டியூப்களை அவரே எடுத்துப் போய்விட்டார். வெறும் கூட்டுக்குள் செல்போன்களை வைத்துத்தான் படம் எடுத்தோம். பார்த்தால் தெரியாது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர் இது. பேட்டரி பற்றிக் கேட்க இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், பழைய லேப்டாப்பைப் பிரித்தெடுத்த லித்தியம் செல்கள் எல்லாவற்றையும் ஒதுக்கச் சொன்னார். உப்பிய செல், கீறிய செல் எதுவும் விண்வெளி வீரர் ஆடைக்குள் போகக் கூடாது. பவர் பேங்கும் ஆடைக்கு வெளியே இடுப்பில்தான், ஒரே இழுப்பில் கழன்று வருகிற மாதிரி. சார்ஜ் போடுவது வெறும் கல்தரையில், ஆள் முழித்திருக்கும்போது மட்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வது? "டேப்ப ஒட்டுனா சுண்ணாம்பு உரிஞ்சுக்கிட்டு வரும்" என்ற ஒரு வார்த்தையில் எங்கள் விளக்குத் திட்டமே மாறியது. சுவரில் ஒன்றும் ஒட்டவில்லை. பத்து கிலோ மணல் நிரப்பிய உரச் சாக்குகளை ஸ்டாண்டுகளின் காலில் வைத்தோம். தேக்குத் தூணில் கிளாம்ப் போட்ட இடத்தில் பழைய வேட்டியை நாலாக மடித்துச் சுற்றினோம். ஓட்டுக்கூரை மேல் ஏறவே விடவில்லை. நாட்டு ஓடு ஆள் கனத்தைத் தாங்காது.

பொம்மைத் துப்பாக்கியைத் தெருவில் பையைவிட்டு எடுக்காதீர்கள் என்ற காவல் நிலையத்தாருக்கும், தெர்மாகோலில் நேரே ஸ்பிரே பெயின்ட் அடித்தால் கரைந்துவிடும், முதலில் இரண்டு கோட் ஃபெவிகால் பூசு என்ற நாடக மேடை ஓவியருக்கும் நன்றி.

அதிகாலை நாலரைக்குப் படப்பிடிப்பு முடிந்ததும் எங்கள் பைக் சாவிகளையெல்லாம் வாங்கித் தன் டாஷ்போர்டில் போட்டுப் பூட்டிய ஆட்டோ அண்ணனே, மேலே எழுதிய எல்லா ஆபத்தையும்விடத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதுதான் பெரிது என்று நீங்கள் சொன்னது சரி. நான்கு நாள் வாடகை பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

ஆச்சி, தாம்பாளம் மூன்றும் பால் கேனும் திங்கட்கிழமை வந்துவிடும். விண்கல இன்ஜினாக நடித்த இட்லித் தட்டில் வெள்ளி பெயின்ட் பட்டுவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் அதில் இனி இட்லி ஊற்றக் கூடாது. புதுத் தட்டு வாங்கி வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
படக்குழு மாணவர்கள்