சினை ஊசியும் நாள் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வேளாண் பக்கத்தில் வெண்பன்றி வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கொட்டகை, தீவனம், விற்பனை எல்லாம் சரி. ஆனால் சினை நிற்காத பன்றிக்கு 'ஹார்மோன் ஊசி போடலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் என்ன ஊசி, எந்த நாள் என்று கேட்காமலே போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், இனிமேல் பேப்பரிலேயே போட்டிருக்கிறது என்பார்கள்.

பன்றியில் சினை நிற்பது முழுக்க நாள் கணக்கு. இணை சேர்ந்து 11, 12ஆம் நாள் வாக்கில், உருண்டையாக இருந்த கரு நூல் மாதிரி நீளும்போது, அதுவே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரந்து தான் இருப்பதைத் தாய்க்குத் தெரிவிக்கிறது. அதற்குள் கருப்பையின் உள்சுவரில் ஒரு மாற்றம் நடந்து முடிந்திருக்க வேண்டும். சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பல நாள் தொடர்ந்து பட்டதில், அந்தச் சுவரின் மேலடுக்கில் உள்ள புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள், அதாவது அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள், குறைந்துபோகின்றன. அப்புறம் கருவின் ஈஸ்ட்ரோஜன் வரும்போது அதே அடுக்கு எஃப்ஜிஎஃப்-7 என்ற வளர்ச்சிக் காரணியை அதிகமாகச் சுரக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி கருவின் வெளியுறையில் இருக்கிறது, கரு வளர்வதற்கு அதுவும் ஒரு தூண்டுதல். ஆக, ரத்தத்தில் ஹார்மோனை ஏற்றிவிட்டால் மட்டும் வேலை நடக்காது, எந்த ஏற்பி எங்கே எந்த நாளில் இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டும்.

இதே ஈஸ்ட்ரோஜனை 9, 10ஆம் நாளிலேயே கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 12ஆம் நாள் வரை நன்றாகத் தெரிந்த கருக்கள் 18ஆம் நாளுக்குள் அழிந்துபோயின. இரண்டே நாள் முந்தியதற்கு! சினையே இல்லாத பன்றிக்கு 11 முதல் 15ஆம் நாள் வரை கொடுத்தால் இன்னும் வேடிக்கை, 21 நாளுக்கு ஒருமுறை வர வேண்டிய பருவம் மாதக்கணக்கில் வராமல் பொய்ச்சினையில் நின்றுவிடும், வளர்ப்பவரோ சினைக்காலம் என்று 114 நாள் எண்ணிக்கொண்டு தீவனம் போட்டுக்கொண்டிருப்பார்.

பருவத்துக்கே வராத பன்றிக்கு மருத்துவர் போடும் பிஎம்எஸ்ஜி, எச்சிஜி என்ற, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்கள் கலந்த ஊசி வேறு. அது இணை சேர்வதற்கு முந்தைய சமாச்சாரம். இரண்டையும் ஒரே பெயரில் சொன்னதுதான் கட்டுரையின் குறை.

ஊசியே போடாமலும் இந்தக் கெடுதல் வரும் என்பதை நீங்கள் தொடவே இல்லை. மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் ஜீராலினோன் என்ற நச்சு இருக்கலாம், அது நேரே ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். பண்ணை விலங்குகளில் பன்றிக்குத்தான் இதன் பாதிப்பு அதிகம். பருவமே வராத இளம் பெண் பன்றிக்கும் பிறப்புறுப்பு சிவந்து வீங்கும், பருவம் வந்துவிட்டது என்று நினைத்து ஆண் பன்றியை விடுவார்கள். மாட்டுக்குக் கூடாது என்று ஒதுக்கிய மக்காச்சோளத்தைப் பன்றிதானே என்று கொட்டுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு, அதை நிறுத்தினாலே பாதி ஊசி தேவைப்படாது என்பது என் எண்ணம்.

காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் பன்றி வளர்ப்பில் பல காலமாக வேலை செய்கிறது. அங்குள்ள ஒருவரிடம் கேட்டு, எந்த ஊசி எதற்கு, எந்த நாளில் கூடவே கூடாது என்று அடுத்த வாரமே ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.