வசந்திக்கு, அரங்கேற்றத்துக்கு முன்

திருகோணமலை,
ஆடி மாதம்.

அன்புள்ள வசந்தி,

நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் அவரும் பிள்ளையும் சுகமாய் இருக்க வேண்டும். ரொறன்ரோவிலிருந்து உன் குரல்பதிவு வந்து சேர்ந்தது. சமையலுக்கு நடுவில் கேட்டு, இரண்டு வரியில் பதில் தட்டி அனுப்பக்கூடிய விஷயமாய் அது இல்லை. அதனால் தாளும் பேனையுமாய் இருந்துவிட்டேன். எழுதி முடித்துப் படமெடுத்து அனுப்புவேன். என் கையெழுத்து உனக்கு இன்னும் பிடிபடும்தானே.

ஊரில் பெரிய புதினம் இல்லை. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் வெளியே தலைகாட்ட ஏலாது. நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறைந்து போயிருக்கிறார்கள், மீன்காரரின் விலையும் அவர்களைப் பார்த்தே ஏறுகிறது. கோட்டை மான்கள் இப்போது கடைத்தெரு வரைக்கும் வந்து கடதாசி தின்கின்றன. உவர்மலை வீட்டு விறாந்தையில் பின்னேர வகுப்பு வழமை போல நடக்கிறது. பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள், பாய்தான் போதவில்லை.

இனி உன் விஷயம். நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். மகளின் அரங்கேற்றத்துக்குத் தாய்தான் பாட வேண்டும் என்று ஆசிரியை ஒற்றைக்காலில் நிற்கிறா. வீட்டில் அந்த நீளமான நடன உருப்படி, பதவர்ணம், முழுக்க மூச்சுப் பிசகாமல் பாடுகிறாய். மண்டபத்தில் ஒத்திகை என்றதும் நாக்கு ஒட்டுகிறது, கை குளிர்கிறது, சுருதி தானாய் மேலே ஏறுகிறது. யாரோ சொல்லி ஓர் உளச்சிகிச்சையாளரிடம் போனாய். அவர் ஒரு சுட்டுகோலைப் பிடித்து உன் பார்வையை மெல்ல மெல்ல நகர்த்தி, எந்த இடத்தைப் பார்க்கும்போது வயிற்றுக்குள் பயம் கூடுகிறதோ அங்கேயே பார்த்துக்கொண்டு இரு என்றார். நீ இருந்தாய். அழுகை வந்தது, உடம்பு நடுங்கி ஓய்ந்தது, வீட்டுக்கு வந்து நல்லாய் நித்திரை கொண்டாய். "இது விஞ்ஞானமோ, நூல் மந்திரிச்சுக் கட்டுற மாதிரியோ, நீ சொல்லடி" என்று கேட்கிறாய். நான் டொக்டர் இல்லை, சங்கீத ரீச்சர். ஆனால் நடுங்குகிற பிள்ளைகளை நித்தம் பார்க்கிறவள். அந்த உரிமையில் சொல்கிறேன்.

உனக்குச் செய்தது பிரெய்ன்ஸ்பொட்டிங். நியூயோர்க்கில் டேவிட் கிராண்ட் என்ற சிகிச்சையாளர் 2003இல் தொடங்கியது. அதுவும் மேடையோடு சம்பந்தப்பட்ட கதைதான். பனிச்சறுக்கு நடனம் ஆடும் ஒரு பெண்ணுக்கு, ஒரு குறிப்பிட்ட சுழற்சி மட்டும் எவ்வளவு பழகியும் சரிவரவில்லை. அவளுக்குச் சிகிச்சை கொடுக்கும்போது, ஓரிடத்தைப் பார்க்கையில் அவளின் கண் தடுமாறுவதைக் கவனித்து, அந்த இடத்திலேயே பார்வையை நிறுத்தி வைத்தாராம். அதற்கும் தாய்முறை ஒன்று உண்டு. 1987இல் பிரான்சின் ஷபிரோ தொடங்கிய ஈ.எம்.டி.ஆர்., கண்ணை இடமும் வலமும் அசைக்கவைத்துச் செய்வது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு அதை 2013இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. பிரெய்ன்ஸ்பொட்டிங்குக்கு அந்த அளவு ஆராய்ச்சிப் பலம் இல்லை. ஆகவே சுட்டுகோலுக்கு நான் புள்ளி போட மாட்டேன். ஆனால் அந்த அறையில் நடந்த மற்றதற்குப் போடுவேன். பயம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்தாய். அதைவிட்டு ஓடாமல், அது ஏறி இறங்கும் வரைக்கும் இருந்தாய். பதறாத ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தார். உனக்கு வேலை செய்தது இந்த மூன்றும்தான் என்பது என் எண்ணம்.

"பயப்படாதே, தைரியமாய்ப் பாடு" என்று மேடைக்குப் பின்னால் நின்று சொல்கிறார்களே, அதைக் கேட்டு ஒரு பிள்ளையாவது தைரியம் கொண்டதைக் கண்டிருக்கிறாயா? அந்தச் சொல் போய்ச் சேரும் இடம் வேறு, பயம் கிளம்பும் இடம் வேறு. சனத்தைக் கண்டவுடன் மூளைக்குள் ஆபத்தை உணரும் அமிக்டலா என்ற பகுதி மணி அடிக்கிறது. அட்ரினலின் இரத்தத்தில் இறங்குகிறது. ஓடுவதற்கோ அடிபடுவதற்கோ உடம்பு ஆயத்தமாகிறது. தோலிலிருந்து இரத்தம் பெரிய தசைகளுக்குப் போவதால் விரல் குளிர்கிறது. உமிழ்நீர் வற்றுகிறது. மூச்சு வயிற்றைவிட்டு நெஞ்சுக்கு ஏறுகிறது, தொண்டைத் தசை இறுகுகிறது, அதனால் சுருதியும் ஏறுகிறது. உன் சாரீரத்தில் குறை ஒன்றும் இல்லை. புலிக்குப் பயந்து ஓடவேண்டிய உடம்பைப் பிடித்து இருத்தி, சஹானா ராகம் பாடச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1884இலேயே தலைகீழாக ஒன்று சொன்னார்: பயப்படுவதால் நடுங்குவதில்லை, நடுங்குவதால்தான் பயப்படுகிறோம் என்று. முழுக்கச் சரியென்று இன்று ஒருவரும் ஏற்கமாட்டார்கள். ஆனால் பாதி உண்மை அதில் இருக்கிறது என்பதற்கு ப்ரொப்ரனலோல் குளிசையே சாட்சி. இதயத்துக்கென்று ஜேம்ஸ் பிளாக் கண்டுபிடித்த மருந்து, அவருக்கு 1988இல் நோபல் பரிசும் கிடைத்தது. படபடப்பையும் கைநடுக்கத்தையும் அது அடக்குகிறது. நடுக்கம் இல்லை என்றதும் மனமும் பாதி அடங்கிவிடுகிறது. மேல்நாட்டு இசைக்குழுக்களில் வயலின்காரர்கள் பலர் இரகசியமாய் இதைப் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். அம்பெய்தல், துப்பாக்கி சுடுதல் போட்டிகளில் கை ஆடாமல் இருக்க உதவும் என்றே தடை செய்திருக்கிறார்கள்.

உன் வயலின்காரச் சிநேகிதி ஒரு குளிசை தரட்டுமா என்று கேட்டதாய்ச் சொன்னாயே, வாங்கிவிடாதே. பள்ளிக்கூடக் காலத்தில் மாரி வந்தால் உனக்குத் தொய்வு இழுத்த இழுப்பு எனக்குத் தெரியும். தொய்வுக்காரருக்கு அந்தக் குளிசை சுவாசக்குழாயை இறுக்கி ஆபத்தில் விட்டுவிடும். டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

உடம்பு வழியாய் மனத்தைப் பிடிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரில் அடிபட்டு வந்தவர்களுக்கு மருந்தோடு சேர்த்து மூச்சுப் பயிற்சியும், தசைகளை இறுக்கித் தளர்த்துவதும், சாந்தியாசனமும், அவரவர் சமயத்துச் செபமும் கொடுத்தவர். சைவருக்கு ஓங்காரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ர். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளை இரண்டு கூட்டமாக்கி ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு கூட்டம் நடந்ததைக் கதையாய்ச் சொல்லி ஆறியது. மற்றது தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தால், இரண்டிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். என்றாலும் எங்கள் பிள்ளைகளின் ஆய்வு.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. இத்தாலியில் லூச்சியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் 2001இல் வெளியிட்டது. இலத்தீனில் செபமாலை சொன்னாலும் சரி, "ஓம் மணி பத்மே ஹூம்" என்று சொன்னாலும் சரி, மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்குகிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அதே தாளத்துக்கு ஒத்து அசைகின்றன. மூச்சை வெளியே விடும் நேரத்தில்தான் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. அப்படியென்றால் மந்தர ஸ்தாயியில் ஸா பிடித்து, மூச்சு முடியும் வரைக்கும் கார்வை கொடுப்பது என்ன? காலமை "ஆ" என்று நீட்டி அகார சாதகம் செய்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை இலவசமாய்க் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

இனி என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பலகாமத்துப் பக்கத்திலிருந்து வருகிறாள், பெயர் வேண்டாம். விறாந்தையில் பாடினால் ஒழுங்கையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள். நான்காம் தரச் சங்கீதப் பரீட்சைக்குப் போன இடத்தில் வாசலிலேயே சத்தி எடுத்துவிட்டாள். உள்ளே போய் வாய் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. தாய் பயந்துபோய் டொக்டரிடம் காட்டினா, உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை. பிறகு இங்குள்ள உளவளத்துணையாளர் ஒருவரிடம் அனுப்பினோம். சுட்டுகோல் ஒன்றும் இல்லை. பாதம் நிலத்தில் படுவதைக் கவனிக்கச் சொன்னா. பயம் எங்கே என்று கேட்டபோது, "தொண்டைக்குள்ள கல்லு" என்றாள் பிள்ளை. கல் பெரிதோ சின்னதோ, சூடோ குளிரோ என்று கேட்டபடியே இருந்தா. தலையை மெல்லத் திருப்பி, யன்னல், கதவு, மணிக்கூடு என்று அறையைப் பார்க்க வைத்தா. ஆபத்து இல்லை என்பதைச் சொல்லாமல், உடம்புக்குக் காட்டுகிற வேலை. கல் கொஞ்சம் இளகியது. ஆனால் அறைக்குள் இளகியது மேடையில் திரும்ப இறுகத்தானே செய்யும்? இந்தச் சிகிச்சைக்காரர் பலர் அந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் குறை. அந்த உளவளத்துணையாளர் முடிக்கவில்லை. "இவள் பாடப் பழகச் சின்னச் சின்ன இடமாய் ஏதும் இருக்கோ ரீச்சர்?" என்று என்னைக் கேட்டா.

பஞ்சபுராணம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. யோசித்துப் பார், வசந்தி. பூசை முடிவில் மூலஸ்தானத்தைப் பார்த்தபடி ஒரு பிள்ளை நின்று தேவாரத்தில் தொடங்கிப் பெரியபுராணம் வரைக்கும் பாடுகிறது. சனம் நிறையத்தான். ஆனால் ஒருவர் கண்ணும் பாடுகிறவள் மேல் இல்லை. எல்லாரும் தீபத்தைப் பார்க்கிறார்கள், பாதிப்பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். தொடக்கச் சொல் திருச்சிற்றம்பலம், அது நித்திரையிலும் வாயில் வரும். பிழை விட்டால் கைதட்டாமல் விடவும் ஆளில்லை, கைதட்டவும் ஆளில்லை. சனத்துக்கு முன்னால் தனியாய்க் குரல் எடுக்கப் பழக இதைவிடப் பாதுகாப்பான இடத்தை எந்தச் சிகிச்சைக்காரர் கட்டித் தருவார்? அதற்கும் கீழ்ப்படி ஒன்று உண்டு, மார்கழி விடியலில் சங்கும் சேமக்கலமுமாய்த் தெருவில் போகிற திருவெம்பாவைக் கூட்டம். பத்துக் குரலுக்குள் உன் குரலையும் ஒளித்துவைக்கலாம். மேல்படி, நவராத்திரிக்கு நடக்கும் வாணிவிழா. சபையைப் பார்த்துத் திரும்பி நிற்பது அங்கேதான் தொடங்குகிறது. நாங்கள் இரண்டு பேரும் இந்தப் படிகளில் ஏறித்தான் வந்தோம், ஏறுகிறோம் என்று தெரியாமலே. இப்போதைய பிள்ளைகளுக்கு ரியூசன் இருக்கிறது, திருவெம்பாவைக்கு எழும்ப நேரம் இல்லை. விறாந்தையிலிருந்து நேரே பரீட்சை அறை, அங்கிருந்து நேரே மின்விளக்கு மேடை. நடுங்காமல் என்ன செய்யும்?

அவள் வெள்ளிக்கிழமைகளில் தன் ஊர்க் கோயிலில் பாடத் தொடங்கினாள். முதலில் தேவாரம் மட்டும், மிச்சத்தை அம்மம்மா பாடினா. பிறகு ஐந்தும். அடுத்த வாணிவிழாவில் வகுப்புக்கு முன்னால் ஒரு கீர்த்தனை. பரீட்சைக்குத் திரும்பப் போய்ச் சித்தியும் அடைந்துவிட்டாள். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். பல்லவி முடியும் வரைக்கும் முழங்கால் இன்றைக்கும் ஆடும், அனுபல்லவியில் அடங்கும். ஆடினால் ஆடட்டும், அதோடு பாடலாம் என்பது உடம்புக்குப் பழகிவிட்டது.

உனக்கு என்ன செய்யலாம்? அந்தச் சிகிச்சைக்குப் போவது சுகமாய் இருந்தால் போ, நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அறைக்குள் அழுவது மட்டும் போதாது. வீட்டில் பாடுவதென்றாலும் அன்றைக்கு உடுத்தப்போகிற பட்டுச்சேலையை உடுத்து, பூவும் வைத்து, மைக்குக்கு முன்னால் இருந்து பாடு. கழுத்து நகை மூச்சை இறுக்குகிறதா என்று அன்றைக்கு மேடையில் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அங்குள்ள கோயிலில் வெள்ளிக்கிழமை பஞ்சபுராணத்துக்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள், ஐயரைக் கேள். ஏற முன்னம் திரைக்குப் பின்னால் சும்மா நிற்காதே. கையை இறுக்கி மூடித் திற, தோளை உயர்த்தி விழவிடு, கீழ் ஸாவில் வாயை மூடி நீளமாய் ரீங்காரம் செய். படபடப்பை அமத்தவும் பார்க்காதே. ஹாவர்ட்டில் அலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் ஆட்களைக் கரோக்கி பாடவைத்து 2014இல் எழுதியிருக்கிறார். பாடும் முன் "எனக்கு உற்சாகமாய் இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "பதட்டமாய் இருக்கு" என்றவர்களைவிடச் சுருதி தப்பாமல் பாடினார்களாம். மகளின் அரங்கேற்றம், உற்சாகம் என்று சொன்னால் அது பொய்யும் இல்லையே.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், கடிதத்தில் கேட்பது சரியோ தெரியவில்லை. தொண்ணூறுகளில் எங்கள் வீடுகளில் நடந்ததெல்லாம் அந்த அழுகைக்குள் இருந்ததா? இருந்தால் அது சபைக்கூச்சம் இல்லை, வேறு. அதை அரங்கேற்றத்துக்கு முந்தின இந்தச் சில கிழமைக்குள் கிண்டாமல், முறையாய்ப் படித்த ஒருவரோடு ஆறுதலாய்ப் பார். எனக்கும் எப்ப வேண்டுமென்றாலும் எடு, நடுச்சாமம் என்றாலும் பரவாயில்லை.

சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு எனக்கு வகுப்பு, உனக்குக் காலமை எட்டு மணி. வீடியோவில் வந்து பதவர்ணத்தைப் பாடு. ஃபோனைச் சுருதிப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளைச் சுற்றி இருத்துகிறேன். சின்னதுகள் ஆடிக்கொண்டும் கச்சான் கடலை கொறித்துக்கொண்டும்தான் கேட்கும், சொல்லிவிட்டேன். தம்பலகாமத்துப் பிள்ளைக்கு ரொறன்ரோ அன்ரி பாடப்போகிறா என்று ஏற்கனவே சொல்லியாயிற்று. சேலை உடுத்துக்கொண்டு வா.

மாமியின் முழங்கால் எப்படி? அவவுக்கு நான் சுகம் கேட்டதாய்ச் சொல்லு.

அன்புடன்,
மாலா