சந்தேகமுள்ள கேபிளை வண்டியில் ஏற்றாதே

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே கார்ட்லெஸ் மைக் செத்துவிட்டது, வேறு மைக் தேடி மேடைக்குக் கொண்டுபோவதற்குள் கூட்டம் சலசலக்க ஆரம்பித்துவிட்டது என்றாய். எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து கட்டுப்படுத்தும் மிக்சரில் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று உன்னையே குறைபட்டுக்கொண்டாய். எனக்கு அது சரியாகப் படவில்லையம்மா. அந்த நேரத்தில் மிக்சரில் யார் நின்றிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். பழைய பேட்டரியோடு மைக் மேடை ஏறியபோதே அந்தப் பிரச்சினையும் கூடவே ஏறிவிட்டது. மேடை ஓரத்தில் கம்பி மைக் ஒன்று தயாராக இல்லாததால் அது இன்னும் நீண்டது. இரண்டுமே கதவு திறப்பதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய வேலைகள். போனில் இதையெல்லாம் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் கேபிள். நான் பார்த்தவரை மேடையில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி கேபிளிலும் அதன் இரண்டு முனைகளிலும்தான். மிக்சரும், ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் ஆம்பும் அவ்வளவு சுலபமாகக் காலை வாருவதில்லை. நிகழ்ச்சிக்கு முந்தின நாளே மைக்குக்குப் போகும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிள் எல்லாவற்றையும் டெஸ்டரில் போட்டுப் பார். விளக்கு எரிந்தால் போதும் என்று எடுத்து வைத்துவிடாதே. டெஸ்டரில் இருக்கும்போதே இரண்டு முனையையும் கையில் பிடித்து மடக்கி ஆட்டிப் பார். சும்மா கிடக்கும்போது ஒழுங்காக இருக்கும் கேபிள், பாடகர் மைக்கைக் கையில் எடுத்து நடக்கும்போதுதான் கரகரக்கும். உள்ளே சால்டர் விட்டிருக்கும், அல்லது கிளாம்ப் கேபிளைச் சரியாகப் பிடித்திருக்காது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். முதல் பின் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உறை), இரண்டாவது ஹாட் (சிக்னலின் பிளஸ்), மூன்றாவது கோல்டு (மைனஸ்). யாரோ அவசரத்தில் இரண்டையும் மூன்றையும் மாற்றிச் சால்டர் செய்திருந்தால் அந்தக் கேபிளில் சத்தம் வரத்தான் செய்யும், தனியாகக் கேட்டால் குறை தெரியாது. ஒரே டிரம்முக்கு இரண்டு மைக் வைத்து அதில் ஒன்றுக்கு இந்தக் கேபிள் போனால் ஒலி மெலிந்து போகும். நீ ஈக்வலைசரைத் திருகிக்கொண்டே இருப்பாய், சரியாகாது.

டெஸ்டரில் ஒருமுறை சரியாகவும் ஒருமுறை தப்பாகவும் காட்டும் கேபிள் கையில் வரும். அதுதான் ஆபத்தானது. ஒரேயடியாகச் செத்த கேபிள் யாரையும் ஏமாற்றாது. இந்த இரண்டாங்கெட்டான் கேபிளை, "சரி, ஒருவேளை தேவைப்படும்" என்று வண்டியில் ஏற்றினால், அது சரியாக முக்கியமான மைக்குக்குத்தான் போய்ச் சேரும். இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றித் தனிப் பெட்டியில் போட்டுவிடு. பழுது பார்த்த பிறகுதான் அந்த டேப்பைப் பிரிக்க வேண்டும்.

கேபிளை முழங்கையில் சுற்றுகிறவர்களை உன் குழுவில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்ல ஆசைதான், ஆனால் எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். கற்றுக்கொடு. ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்று உள்பக்கமாகத் திருப்பி, மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றினால் முறுக்கு ஏறாது, மேடையில் வீசினால் நேராக விரியும். முறுக்கு ஏறிய கேபிள் தரையில் படியாமல் வளையம் வளையமாக எழும்பி நிற்கும். யாருடைய காலாவது அதில் மாட்டும், அதோடு உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளும் நாளடைவில் அறும். விரிக்கும்போது மிச்சக் கேபிளை மைக் ஸ்டேண்டின் அடியில் வளையமாக விடு. ஸ்டேண்டை இரண்டடி நகர்த்த வேண்டியிருக்கும் என்பது கிட்டத்தட்ட உறுதி. மிச்சமெல்லாம், மேடைக் கேபிள்கள் வந்து சேரும் ஸ்டேஜ் பாக்ஸ் பக்கம் கிடந்தால் இழுத்தவுடன் இணைப்பு கழன்றுவிடும்.

ஸ்பீக்கர் கேபிளைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. கால் அங்குல ஜாக் உள்ள பழைய ஸ்பீக்கர் கேபிளும் கிட்டார் கேபிளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கிட்டார் கேபிளின் நடுக்கம்பி மெலிது. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அதைப் போட்டால் சூடாகி உருகலாம், ஆம்ப்பும் போகலாம். முடிந்தவரை திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் இணைப்புக்கே மாறிவிடு. தப்பான கேபிள் அதில் நுழையவே நுழையாது.

இனி மின்சாரம். இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், கோபித்துக்கொள்ளாதே. ஜெனரேட்டரோ கட்டடத்தின் லைனோ எதுவாக இருந்தாலும், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு பிளக்கைக்கூடச் சொருகாதே. 230 வோல்ட் லைன் என்றால் ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சுமார் 230, ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் கிட்டத்தட்ட அதே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் இருக்க வேண்டும். எலக்ட்ரீசியன் "எல்லாம் பார்த்தாச்சு" என்பார். இருக்கட்டும், நீயும் பார். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் தளர்ந்து விட்டுப்போனால், லோடு குறைவாக உள்ள ஃபேசில் வோல்ட்டேஜ் 400 பக்கம் ஏறிவிடும். அந்த ஃபேசில் உன் மிக்சரும் கார்ட்லெஸ் மைக்கின் ரிசீவர்களும் இருந்தால் நொடியில் எல்லாம் புகைந்துவிடும். தளர்ந்த நியூட்ரல் லோடு இல்லாதபோது தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதனால் லைட்டுகள் எல்லாம் எரிந்த பிறகு இன்னொரு முறை அளந்து பார். உருளையில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் கேபிள் இருந்தால் முழுவதும் அவிழ்த்துவிடு. சுற்றியபடியே லோடு ஏற்றினால் உள்ளே சூடு வெளியேற வழியில்லை.

ஸ்பீக்கரில் ஹம் என்ற ரீங்கார இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதே, செய்கிறவரைச் செய்யவும் விடாதே. 1972-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகரத்தில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். கிட்டார் தந்திகளில் கை இருக்கும்போது, எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டிருக்கிறார். கிட்டார் ஆம்ப் ஒரு இடத்திலிருந்தும் மிக்சர் வேறொரு இடத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும் எந்த மேடையிலும் இந்த ஆபத்து இன்றும் உண்டு. ஹம்மைப் போக்க மேடை, மிக்சர் இரண்டுக்கும் ஒரே மின் போர்டிலிருந்து லைன் எடு. பிறகும் இருந்தால், கிட்டார் போன்றவற்றை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்டைப் போடு. அது சிக்னல் ஷீல்டை மட்டும் பிரிக்கும், உயிரைக் காக்கும் எர்த்தைத் தொடாது. மேடைக்குப் போகும் லைனில் மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார். கலைஞர் மேடை ஏறும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைக்கின் வலையிலும் மற்றதைக் கிட்டார் தந்தியிலும் வை. அரை நிமிட வேலை. வோல்ட் ஏதாவது கணிசமாகக் காட்டினால் காரணம் தெரியும்வரை யாரும் பாட வேண்டாம். ஏற்பாட்டாளர் நேரமாகிறது என்று கத்தினால் கத்தட்டும்.

கார்ட்லெஸ் மைக்குக்கு வருகிறேன், நீ கேட்டதே அதைப் பற்றித்தான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பேட்டரி. பாதி பார் காட்டுகிறதே என்று விடாதே. ரீசார்ஜ் பேட்டரி போடுகிறாய் என்றால் மைக்கின் மெனுவில் பேட்டரி வகை என்று ஓர் அமைப்பு இருக்கிறதா பார், இருந்தால் அதை மாற்று. ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டிலிருந்து மெல்ல மெல்ல இறங்கும். நிக்கல் ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்டிலேயே வெகுநேரம் நின்றுவிட்டுக் கடைசியில் திடீரென்று விழும். மீட்டர் ஆல்கலைன் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் அது காட்டும் பாரில் அர்த்தமே இல்லை. உனக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அலைவரிசையை அந்த இடத்துக்குப் போன பிறகுதான் ஸ்கேன் செய்ய வேண்டும், அதுவும் எல்இடி திரையை எரியவிட்டு. அந்தத் திரைகளே நிறைய இரைச்சலைக் கிளப்பும். பல மைக்குகளைச் சம இடைவெளியில் வரிசையாக அமைத்துவிடாதே. 602, 603 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மைக் இருந்தால் அவை கலந்து 601-லும் 604-லும் பொய்ச் சிக்னல் உண்டாகும். மூன்றாவது மைக்கை நீ 604-இல் வைத்திருந்தால் தகராறுதான். ரிசீவரிலோ அதன் மென்பொருளிலோ உள்ள, ஒன்றோடொன்று மோதாதபடி கணக்கிட்ட அலைவரிசைக் குரூப்பிலிருந்தே எடு. எல்லாம் அமைத்த பிறகு அத்தனை மைக்கையும் ஒன்றாகப் போட்டு, ஒன்றை மட்டும் அணைத்து, அதன் ரிசீவரைப் பார். மைக் அணைந்தும் அங்கே சிக்னல் காட்டினால் அந்த அலைவரிசையை மாற்ற வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகச் செய். ஆன்டெனாவை ரேக்கின் பின்னால், கூட்டத்தின் தலைக்குக் கீழே புதைத்து வைக்காதே. மனித உடம்பு இந்த அலைகளை நன்றாக விழுங்கும்.

எத்தனை கார்ட்லெஸ் இருந்தாலும் சரி, மேடை ஓரத்தில் ஸ்விட்ச் இல்லாத கம்பி மைக் ஒன்று, இணைத்து, சோதித்து, மியூட்டில் இருக்கட்டும். மிக்சரில் அதன் சேனல் உன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தொகுப்பாளரிடமும் முன்பே காட்டிவிடு. அவரே எடுத்துக் கொடுத்தால் நீ ஓட வேண்டியதே இல்லை.

பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஊளையிடுகிறது என்றாயே, முதலில் மைக் எந்தத் திசையிலிருந்து கேட்கும் வகை என்று பார். கார்டியாய்டு மைக் நேர் பின்பக்கத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். சூப்பர்கார்டியாய்டுக்கு அந்தச் செவிட்டு இடம் பின்னால் இரண்டு பக்கமும், சுமார் 126 டிகிரியில். அதற்கு மானிட்டரை நேர் எதிரே வைக்காமல் சற்றுச் சாய்த்துப் பக்கவாட்டில் வை. பாடகர் மைக்கின் தலையையே கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, பணிவாகச் சொல்லிப் பார்.

எந்த மைக் எந்தச் சேனலில் என்ற இன்புட் லிஸ்ட்டை எழுதிக் கேபிளின் இரண்டு முனையிலும் எண் ஒட்டு. கலைஞர்கள் வரும் முன் ஒரு ஆளை மேடையில் நிறுத்தி ஒவ்வொரு மைக்காகப் பேசவைத்து ஒலி மிக்சருக்கு வந்து சேருகிறதா என்று பார்த்துவிடு, சவுண்ட் செக் என்பது அதற்குப் பிறகு வருவது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் திறந்திருக்கும்போது, மிக்சர் மைக்குக்குக் கொடுக்கும் 48 வோல்ட் பேண்டம் பவரைப் போடவோ, மைக்கைக் கழற்றி மாட்டவோ கூடாது, எப்போதும் மியூட் செய்துவிட்டுத்தான். ஆம்ப்பைக் கடைசியில் போடு, முதலில் அணை.

டிஜிட்டல் மிக்சர், ஸ்டேஜ் பாக்ஸ், ரிசீவர்கள் மூன்றையும் யுபிஎஸ்ஸில் போடு. ஒரு நொடி மின்சாரம் போனால்கூட மிக்சர் மறுபடி எழுந்துவர வெகுநேரம் ஆகும். மிக்சரின் அமைப்புகள் அடங்கிய ஷோ ஃபைலை இரண்டு பென்டிரைவில் எடுத்து வை. பாட்டு ஓடும் லேப்டாப்பில் வைஃபை, அப்டேட், அறிவிப்பு எதுவும் இருக்கக் கூடாது, அது உனக்கே தெரியும்.

நிகழ்ச்சி முடிந்து களைப்பாக இருக்கும்போதுதான் சந்தேகமான கேபிள் நல்ல கேபிள்களோடு கலந்துபோகும். அதனால் சிவப்பு டேப்பை இடுப்பிலேயே மாட்டிக்கொள். அடுத்த வாரம் பெரிய மேடை என்றாயே, அதன் இன்புட் லிஸ்ட்டையும் மின் இணைப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதி அனுப்பு. இரண்டையும் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா