வாவிக்கு மேலால் வீதி இல்லை: கூரியர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பில் வீடு வீடாகப் பொதி கொடுக்கும் கூரியர் நிறுவனங்களின் முகாமையாளர்களுக்கு,

வணக்கம். களுவாஞ்சிகுடியில் இருந்து மென்பொருள் எழுதுகிறவன் நான். உங்கள் பொதிகளைக் கொண்டு ஓடும் தம்பிமார் பலர் எனக்குப் பழக்கம். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

காலையில் உங்கள் செயலி கொடுக்கும் வரிசையில் குருமண்வெளிக்கு அடுத்த வீடு மண்டூரில் இருக்கும். வரைபடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கம்; நடுவில் கிடப்பது வாவி. ஆட்களையும் வாகனங்களையும் வாவியால் கடத்தும் 'பாதை' என்ற மிதவைப் படகைத் தவறவிட்டால் பட்டிருப்புப் பாலத்தால் ஏறி, போரதீவு, வெல்லாவெளி என்று சுற்ற வேண்டும். பொதிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பிள்ளைக்கு அந்தப் பெற்றோல் சொந்தக் காசு. அதனால் செயலியை மூடிவைத்துவிட்டு, பொதிகளை நிலத்தில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் பேனையால் 1, 2, 3 என்று தாங்களே இலக்கம் போட்டுக்கொண்டு புறப்படுகிறார்கள்.

கணிதத்தில் குறையில்லை. பெற்றோல் நிலையங்களுக்கு பவுசர்களை எந்த ஒழுங்கில் அனுப்புவது என்று 1959 இல் டான்ட்சிக், ராம்சர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய நாளிலிருந்து இந்தத் துறை வெகுவாக வளர்ந்துவிட்டது. பத்து வீடுகளையே 3,628,800 விதமாக வரிசைப்படுத்தலாம். முப்பது வீடென்றால் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. ஆகவே நிரல் ஓரளவு நல்ல வரிசையொன்றை எடுத்து, வீடுகளை இடம் மாற்றி மாற்றி, செலவு குறைகிறதா என்று பார்க்கும். எதைச் செலவென்று கொடுக்கிறீர்களோ அதைத்தான் அது குறைக்கும். நேர்கோட்டுத் தூரத்தைக் கொடுத்தால் வாவிக்கு மேலாலும் அனுப்பும்.

வீதிவழித் தூரத்தையும் பயண நேரத்தையும் கொடுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் இலவசம். இப்படி வரிசை போட்டுத் தரும் கூகிளின் ஓஆர்-டூல்ஸ் என்ற மென்பொருளும் இலவசம்தான். அந்தப் பாதைப் படகு ஓடும் நேரங்களையும் சேருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் காத்தான்குடிக் கடைகளுக்குப் பொதி அனுப்பாதீர்கள். இந்த வீட்டுக்கு இத்தனை மணிக்குள் என்ற கட்டுப்பாடு இந்த நிரல்களுக்குப் பழகிப்போனது. மாரியில் கிரான் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினால், அன்றைக்கே அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட ஒருவரைப் பொறுப்பாக விடுங்கள்.

இதைவிட முக்கியமானது, பேனையால் இலக்கம் போடும் அந்தப் பிள்ளைகளின் அறிவு. 'பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால்' என்று மட்டும் முகவரி எழுதியிருக்கும், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள வீட்டுக்கு எந்த ஒழுங்கையால் போவது என்று அவர்களுக்குத்தான் தெரியும். 2021 இல் அமேசானும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு போட்டி நடத்தின. அனுபவமுள்ள சாரதிகள் ஓடிய வரிசைகளிலிருந்து கணினி கற்றுக்கொள்ளுமா என்பதே அங்கே கேள்வி. அவ்வளவு பெரிய நிறுவனமே சாரதியிடம் படிக்க விரும்பியது. நீங்களோ வரிசையை மாற்றியதற்காக அவர்களிடம் விளக்கம் கேட்கிறீர்கள். அது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அடுத்த மாரிக்கு முன் ஒரேயொரு கிளையிலாவது இதைச் செய்து பாருங்கள். வரிசையை மாற்றிய காரணத்தை ஓடுகிறவர்களே செயலியில் பதிய இடம் விடுங்கள். ஓடிய உண்மையான கிலோமீற்றருக்குப் பெற்றோல் காசு கொடுங்கள். நிரல் எழுதும் வேலையில் உதவி வேண்டுமென்றால், கூலி வாங்காமல் வந்து செய்து தர நான் தயார்.

அன்புடன்,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மென்பொருளாளர்