பில்ட் செய்த பிறகு மட்டும் வராத மெனு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். பம்பு சோதனை மென்பொருள், அதை எழுதிய லேப்வியூ என்ற வரைபட நிரலாக்கக் கருவிக்குள் ஓடும்போது மெனு ஒழுங்காக வருவதாகவும், பில்ட் செய்து, அதாவது தனியே ஓடும் எக்ஸ்இ கோப்பாக மாற்றி, சோதனைக் கூடத்துக் கணினியில் வைத்ததும் பிழை எண் 7 காட்டுவதாகவும் எழுதியிருந்தாய். 7 என்றால் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள்; ஆகவே மெனுவைக் கையாளும் பகுதியில் கை வைக்கும் முன், எந்தக் கோப்பு எங்கே தேடப்படுகிறது என்று பார்.

மெனு எடிட்டரில் நீ அமைத்தவை ஆர்டிஎம் எனப்படும் தனி மெனு கோப்பாக இருக்கின்றன. ஆங்கிலம், ஜெர்மன் என இரண்டு மெனு வேண்டியிருப்பதால், ஓடும்போதே கோப்பின் பாதையை உருவாக்குகிறாய்: ஓடும் விஐயின் (லேப்வியூ நிரல் கோப்பின்) பாதையைத் தரும் கரண்ட் விஐஸ் பாத்தை எடுத்து, ஸ்ட்ரிப் பாத் கொண்டு கடைசிப் பகுதியை நீக்கி, மிஞ்சுவதோடு கோப்பின் பெயரைச் சேர்க்கிறாய். லேப்வியூவுக்குள் அப்படி மிஞ்சுவது உண்மையான ஃபோல்டர். பில்ட் ஆன பின் விஐ எக்ஸ்இக்குள்ளேயே அடங்கிவிடுவதால், மெயின் விஐயின் பெயரை நீக்கினால் மிஞ்சுவது எக்ஸ்இ கோப்பின் பாதைதான். அதற்குள் ஆர்டிஎம் கோப்பைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இன்னொரு முறை ஸ்ட்ரிப் செய்தால் போதும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. லேப்வியூ 2009 முதல் எக்ஸ்இக்குள்ளும் மூல ஃபோல்டர்களின் அடுக்கு காக்கப்படுவதால், நாளை அந்த விஐயைத் துணை ஃபோல்டருக்கு நகர்த்தினால் கணக்கு மறுபடியும் தவறிப்போகும். அதற்குப் பதிலாக அப்ளிகேஷன் டைரக்டரி விஐயைப் பயன்படுத்து. புராஜெக்டிலிருந்து ஓட்டினால் புராஜெக்ட் கோப்பு உள்ள ஃபோல்டரையும், பில்ட் ஆன பின் எக்ஸ்இ உள்ள ஃபோல்டரையும் அது தரும். இரண்டு இடத்திலும் மெனு கோப்புகளுக்கு ஒரே பெயரில் துணை ஃபோல்டர் வைத்துக்கொள். பில்ட் அமைப்பின் சோர்ஸ் ஃபைல்ஸ் பக்கத்தில் இரண்டு ஆர்டிஎம் கோப்புகளையும் ஆல்வேஸ் இன்க்ளூடட் பட்டியலில் சேர்த்து, அவை போய்ச் சேர வேண்டிய ஃபோல்டரையும் நீயே குறிப்பிடு. ஓடும்போது பாதை கொடுக்கப்படும் கோப்பைப் பில்ட் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்காதே.

ஜெர்மன் மெனுவில் மட்டும் அறிக்கைக்கான கட்டளையை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை என்பது வேறு சிக்கல். மெனு எடிட்டரில் ஒவ்வொரு கட்டளைக்கும் திரையில் தெரியும் பெயர் ஒன்று, நிரல் அதை அடையாளம் காணும் ஐட்டம் டேக் ஒன்று என இரண்டு உண்டு. மெனுவை அழுத்துவது போன்ற நிகழ்வுகளைக் கவனிக்கும் ஈவென்ட் ஸ்ட்ரக்சரில் உன் கைக்கு வருவது டேக். பெயரைத் தட்டச்சு செய்யும்போது அதுவே டேக்காகவும் பதிந்துவிடுகிறது. ஆங்கிலக் கோப்பில் ‘ரிப்போர்ட்’ என்றிருக்கும் டேக், ஜெர்மன் கோப்பில் ‘பெரிஷ்ட்’ ஆகியிருந்தால், டேக்கைப் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் கேஸ் ஸ்ட்ரக்சர், எதுவும் பொருந்தாதபோது ஓடும் டீஃபால்ட் பிரிவுக்குச் சத்தமில்லாமல் போய்விடும். பிழை எண் எதுவும் வராததால்தான் இத்தனை நாள் உன்னை அலைக்கழித்திருக்கிறது. பெயர் எந்த மொழியில் இருந்தாலும் இரண்டு கோப்பிலும் டேக் ஒன்றாகவே இருக்கட்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கூடாது. அந்த டீஃபால்ட் பிரிவைக் காலியாக விடாமல், வந்த டேக்கை ஒரு லாக் கோப்பில் எழுத வை.

எந்த மெனு கட்டளை அழுத்தப்பட்டது என்று பார்க்கும் கெட் மெனு செலக்‌ஷன் ஃபங்க்‌ஷன் பழைய லூப்பில் இன்னும் இருந்தால் எடுத்துவிடு. ஈவென்ட் ஸ்ட்ரக்சர் மெனுவைக் கவனிக்கும்போது அதற்கு வேலை இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் சரியாகவில்லை என்றால், பில்ட் அமைப்பின் அட்வான்ஸ்டு பக்கத்தில் எனேபிள் டீபக்கிங்கைத் தேர்ந்து மறுபடி பில்ட் செய். சோதனைக் கூடத்துக் கணினியில் ஓடும் எக்ஸ்இயின் பிளாக் டயகிராமை (நிரலின் வரைபடத்தை) உன் கணினியிலிருந்தே திறந்து, பாதை ஓடும் வயரில், அதில் செல்லும் மதிப்பைக் காட்டும் புரோப் வைத்துப் பார்க்கலாம். லாக் கோப்பையும் அந்தப் பாதையையும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்