பாப்பாவைத் தடுக்காதே அக்கா

ஸ்டோர்னோவே,
லூயிஸ் தீவு, ஸ்காட்லாந்து

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முட்டிவலி இந்தப் பனிக்கு எப்படி இருக்கிறது? கோத்தகிரியில் இப்போது விடிகாலையில் பல் கிட்டிக்கும். ஒத்தடத்தை விட்டுவிட வேண்டாம் என்று சொல். தோட்டத்தில் கவாத்து முடிந்ததா? பச்சைத் தேயிலைக்கு என்ன விலை என்று நீ எழுதவே இல்லையே, மாமாவாவது அடுத்த தடவை இரண்டு வரி எழுதட்டும்.

உன் கடிதத்தில் முக்கால்வாசி உன் பொண்ணு பாப்பாவைப் பற்றித்தான். கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து தக்ளியில் கம்பளி நூற்றுக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. உன் கவலை அப்புறம்தான் புரிந்தது. “இது சோறு போடுமா? அப்படியே போட்டாலும் இவள் கலைஞரா, கூலிக்காரியா?” என்று கேட்டிருக்கிறாய். தறிக்காரர்கள் நடுவில் இருப்பவள் நான்தான், என்னிடம் கேட்டது சரி. போனில் சொன்னால் பாதியில் விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தத் தீவைப் பற்றி உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. சோலைகளைக் கழித்துவிட்டால் நம்ம அவலாஞ்சிப் புல்வெளிதான். மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும், அப்படியொரு காற்று. டிசம்பரில் காலை ஒன்பது மணிக்கு மேல் விடிந்து நான்கு மணிக்குள் இருட்டிவிடுகிறது. கோடையில் அப்படியே தலைகீழ், ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊரே அடங்கிவிடும். கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தறிச் சத்தம் கிடையாது, பழைய வீடுகளில் துவைத்த துணியைக்கூட அன்று வெளியே காயப்போட மாட்டார்கள். இவருக்கு ஆஸ்பத்திரி வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் வாரத்தில் சில நாட்கள். மீதி நேரமெல்லாம் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் தறிக்கொட்டகையில்தான். நானும் நெய்யப் பழகுகிறேன் அக்கா.

இங்கே நெய்யும் துணிக்கு ஹாரிஸ் ட்வீட் என்று பெயர். கனமான கம்பளித் துணி, கோட்டு தைப்பார்கள். லூயிஸும் ஹாரிஸும் பெயரில்தான் இரண்டு, நிலத்தால் ஒரே தீவு. இந்தத் துணிக்கென்றே பிரிட்டன் நாடாளுமன்றம் 1993-ல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி புதுக் கம்பளிக்கு இந்தத் தீவுக்கூட்டத்திலேயே சாயம் போட்டு, இங்கேயே நூற்று, தீவுக்காரர் தன் வீட்டில் கையால் நெய்து, இங்கேயே பதப்படுத்தி முடித்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். ‘தன் வீட்டில்’ என்பதைக் கவனி. ஒரு முதலாளி பெரிய கொட்டகை போட்டு நூறு தறியை வரிசையாக நிறுத்தி ஆள் வைத்து நெய்தால் அது ஹாரிஸ் ட்வீட் ஆகாது. மின்சாரத் தறியும் கூடாது. ஆலைக்காரர்கள் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலையும் குறுக்கே ஓடுகிற ஊடை நூலையும் வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்குவார்கள், நெய்த துணியைத் திரும்ப எடுத்துப்போய் அலசி, இழை விட்ட இடங்களைக் கையால் சரிசெய்து முடிப்பார்கள். அப்புறம் பரிசோதகர் துணியைப் பார்த்து, உருண்டையின் மேல் சிலுவை வைத்த முத்திரையைத் துணியிலேயே பதிப்பார். அந்த முத்திரை 1910-ல் பதிவானது.

சரி, சோற்றுக்கு வருகிறேன். இங்கே தறியை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் பழகின வீடுகளில் பெரும்பாலும் தறியோடு இன்னொன்றும் இருக்கிறது. கொஞ்சம் நிலம், சில ஆடுகள், உருளைக்கிழங்கு. ஒருவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார், இன்னொருவர் மீன்பிடிக்கப் போகிறார். இதை அவர்கள் குறையாக நினைக்கவில்லை. நெய்தலுக்கு ஏறுமுகமும் உண்டு, இறங்குமுகமும் உண்டு. 1966-ல் இந்தத் தீவுகளில் 76 லட்சம் கெஜம் நெய்தார்களாம். அப்புறம் சரிந்தது. வயதானவர்கள் அந்தச் சரிவைப் பேசும்போது நம்ம ஊரில் தேயிலை விலை விழுந்த கதையைப் பேசுவது போலவே இருக்கும். அதனால் பாப்பா முதல் சில வருடங்கள் இன்னொரு வருமானத்தை வைத்துக்கொள்ளட்டும். உன் தையல் கடையில் பாதி நாள் உட்காரட்டும், யாருக்காவது கணக்கு எழுதட்டும். கையில் காசில்லாமல் நெய்கிறவள் முதல் ஆள் கேட்கிற விலைக்குக் கொடுத்துவிடுவாள். அந்த விலைதான் அப்புறம் அவளுடைய விலை என்று நின்றுவிடும்.

கலைஞரா கூலியா என்று கேட்டாயே, அதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ஆலை அனுப்புகிற பாவோடு வடிவமும் வந்துவிடும். எந்த நிறம் எத்தனை இழை, எந்த மிதி எப்போது என்று எல்லாம் தாளில் இருக்கும். அதை அப்படியே நெய்து கொடுக்க வேண்டும். தாத்தாவும் பல வருடம் அப்படித்தான் நெய்தார். அவருடையது பழைய ஹேட்டர்ஸ்லி தறி, காலால் மிதிப்பது, 75 சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் துணி வரும். இப்போது ஆலைக்கு நெய்கிறவர்கள் 150 சென்டிமீட்டர் அகலத் தறிக்கு மாறிவிட்டார்கள், அதை சைக்கிள் மிதிப்பதுபோல மிதிக்க வேண்டும். இவர் மாறவில்லை. சொந்தமாக வடிவம் போட்டு, சிறு துண்டுகளாக நெய்து, நேராக வாங்குகிறவர்களுக்கு விற்கிறார்.

முதலில் அவர் எனக்குத் தறியைக் காட்டவில்லை, நூலைத்தான் காட்டினார். ஒரு கண்டு எடுத்து ஜன்னல் பக்கம் பிடிக்கச் சொன்னார். தூரத்தில் பார்த்தால் சாதாரண மண் நிறம். கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தால் அதற்குள் ஆரஞ்சு, பாசிப்பச்சை, ஊதா, ஒரு துளி நீலம், அங்கங்கே மஞ்சள் என்று தனித்தனி ரோமங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடக்கின்றன. நூற்ற பிறகு சாயம் போட்டால் இது வராது. ரோமமாக இருக்கும்போதே தனித்தனியாகச் சாயம் போட்டு, பல நிறங்களை அளந்து கலந்து, அப்புறம்தான் நூற்கிறார்கள். முன்காலத்தில் பாறையில் படரும் ஒரு பாசியைச் சுரண்டிக் காய்ச்சிச் செம்பழுப்புச் சாயம் எடுத்திருக்கிறார்கள். அன்று கொட்டகையை விட்டு வெளியே வந்து எதிரே இருந்த மேட்டைப் பார்த்தேன். அதுவரை எனக்கு அது பழுப்பு மேடு. அன்றைக்கு அதில் எத்தனை நிறம் தெரிந்தது அக்கா! பாப்பாவுக்கு இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல். வெள்ளை நூலை நூற்றுவிட்டு அப்புறம் சாயத்தில் முக்காதே, ரோமத்தையே நனைத்துக் கலந்து பார் என்று சொல்.

அப்புறம் பாவு பிணைப்பது. பழைய பாவின் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட வேண்டும். நூற்றுக்கணக்கில் இழைகள். ஒன்று மாறினாலும் துணி முழுக்கக் கோடு விழும். எனக்கு அந்த வேலை முதலில் பெரிய தண்டனையாக இருந்தது. பழகப் பழக வேறு ஒன்று நடந்தது. விரல் தானாக முடிச்சுப் போடும், மனசு தானாக ஓடும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம் என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் தோன்றுகிறது. காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. தாத்தாவைக் கேட்டேன். அவருக்கும் அப்படித்தானாம், நல்ல வடிவமெல்லாம் அவருக்கு மிதித்துக்கொண்டிருக்கும்போது வந்தவைதானாம். அதனால் கூலி வேலை ஒரு பக்கம், கலை ஒரு பக்கம் என்று நீ பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாப்பா திண்ணையில் நாள் முழுக்க ஒரே மாதிரி நூற்கிறாளே என்று நீ வருத்தப்பட வேண்டாம். அந்த நேரத்தில் அவளைக் கூப்பிட்டு வேலை சொல்லாமல் இருந்தால் போதும்.

ஆனால் நூற்பவர்களுக்கும் நெய்பவர்களுக்கும் கற்பனை இருந்தால் மட்டும் போதாது, அதற்கு இடம் கொடுக்கிறவர்களும் வேண்டும். 2006-ல் இங்கே ஒரு பெரிய ஆலை கைமாறியது. வாங்கியவர் அங்கே இருந்த ஆயிரக்கணக்கான வடிவங்களை நான்காகச் சுருக்கிவிட்டார். கணக்குப்படி அது அவருக்கு லாபமாகத் தோன்றியிருக்கலாம். பல வீடுகளில் தறி நின்றது. மறுவருடமே ஷாபோஸ்ட் என்ற ஊரில் மூடிக்கிடந்த ஆலையை வேறு சிலர் திறந்து, நிறையவும் புதுசாகவும் வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். தொழில் மறுபடி மூச்சு விட்டது. இந்தத் துணிக்கு உயிர் அதன் நிறத்திலும் வடிவத்திலும் இருக்கிறது என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் கிளம்பும்போது நீ போர்த்திவிட்ட, நம்ம மலையின் தோடர் பெண்கள் பூவேலை செய்த சால்வையை ஒருநாள் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “எந்தப் பக்கம் முன்பக்கம்?” என்று கேட்டார். நூல் மேடு தட்டிச் சொரசொரப்பாக இருக்கிற பக்கத்தைத்தான் அவர்கள் வெளியே தெரியும்படி போர்த்துவார்கள் என்றேன். துணியில் கோடு போடாமல், அச்சு வைக்காமல், பாவையும் ஊடையையும் எண்ணி எண்ணியே ஊசி விடுகிறார்கள் என்று சொன்னதும், துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அவரே எண்ணத் தொடங்கிவிட்டார். ஊட்டியில் தோடர்களின் குடியிருப்பான மந்தின் வாசலில் வெயில் காய்ந்தபடி ஒரு பாட்டி தைத்துக்கொண்டிருந்தாரே, நினைவிருக்கிறதா? துணியைப் பார்க்காமல் நம்மோடு பேசிக்கொண்டே நகத்தால் இழையைத் தள்ளித் தள்ளி எண்ணினார். கறுப்பும் சிவப்பும் தவிர வேறு நிறத்தை அவர் தொடவில்லை. இரண்டே நிறம், வெள்ளைத் துணி, எண்ணிக்கை. அதற்குள்ளேயே ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் எத்தனை சால்வை பார்த்தோம்!

தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் மிஷினில் தைத்த சால்வையை அதே பெயரைச் சொல்லி விற்ற கடையை நீதானே எனக்குக் காட்டினாய். இங்கே துணியில் முத்திரை விழுவதற்கு முன் ஒரு ஆள் வந்து அந்தத் துணியையே பார்க்கிறார். அங்கே சான்றிதழ் இருக்கிறது, ஒவ்வொரு சால்வையையும் பார்க்க ஆள் வேண்டும். இதை நான் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நம்ம மலைப் பெண்களின் விரலுக்கு இங்கே இருக்கிற மரியாதையும் விலையும் கிடைக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

பாப்பாவிடம் இதையும் கண்டிப்பாகச் சொல். தோடர் வேலை அழகாக இருக்கிறது என்று அவள் அதைப் பார்த்து எடுத்து விற்கக் கூடாது. அது அந்தப் பெண்களுடைய சொத்து. அவர்களோடு சேர்ந்து வேலை செய்யலாம், அவளுடைய துணியில் அவர்களைத் தைக்கச் சொல்லி அவர்கள் கேட்கிற கூலியைக் கொடுக்கலாம். அவளுக்கென்று ஒன்று வேண்டுமென்றால் அது வேறு இடத்தில் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கடிதத்தில் முதலில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவு ஆசை எனக்கு.

நம்ம ஊரில் நீலகிரி செம்மறி என்று ஒரு இனம் இருக்கிறது, தெரியுமா? தென்னிந்தியாவில் உடுத்துகிற துணிக்கு ஏற்ற மெல்லிய ரோமம் தருகிற ஆடு அபூர்வம். இது அப்படி ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் நாட்டு ஆட்டோடு தாஸ்மேனியாவின் மெரினோ, சவுத் டவுன், செவியட் எல்லாம் கலந்து உருவானது. செவியட் ஸ்காட்லாந்து எல்லை மலைகளின் ஆடு அக்கா! இந்தத் தீவில் என் ஜன்னலுக்கு வெளியே மேய்கிறதும் செவியட்தான், ட்வீட்டுக்கும் அதன் ரோமம் போகிறது. நம்ம நீலகிரி ஆடு இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பாப்பா தக்ளியில் நூற்கிற கம்பளி எங்கிருந்து வாங்கியது என்று கேள். வெளியிலிருந்து வந்ததென்றால் ஒரு நாள் மாமாவோடு சாண்டிநல்லாவுக்குப் போய்வரட்டும். ரோமம் வெட்டுகிற பருவம் எப்போது, கொஞ்சம் விலைக்குக் கிடைக்குமா, எப்படிக் கேட்க வேண்டும் என்று விசாரிக்கட்டும். நீலகிரி ஆட்டு ரோமத்தில், நீலகிரி நிறங்களில் ஒரு துணியை அந்தப் பிள்ளை நெய்தால் அதை யாரும் எங்கிருந்தும் காப்பியடிக்க முடியாது.

நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்றாயே, “என் பொண்ணு நெசவு படிக்கிறாள்” என்று சொல். படிப்புதானே அது, வருடக்கணக்கில் ஆகும்.

ஒரு உதவி. தோடர்கள் பூவேலைக்கு எடுக்கிற முரட்டு வெள்ளைத் துணியில் ஒரு மீட்டரும், கறுப்பு சிவப்புக் கம்பளி நூல் கொஞ்சமும் வாங்கி அனுப்பு. தாத்தா இழைகளின் நெருக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதிலுக்கு ட்வீட் துண்டுகளும், சாயம் போட்டு இன்னும் கலக்காத ரோமம் ஒரு பையும் பாப்பா பெயருக்கு இங்கிருந்து அனுப்புகிறேன். தபாலில் வர நாளாகும், பொறுமையாக இருக்கச் சொல். அவளையே எனக்கு எழுதச் சொல், என்ன கேட்டாலும் தாத்தாவிடம் விசாரித்துப் பதில் போடுகிறேன்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் என் அன்பைச் சொல்.

உன் அன்புத் தங்கச்சி